மிச்சம் கிடந்த வளையம்

மிச்சமிருந்த மூடிகளையும் மாட்டி, நட்டு போல்ட்டெல்லாம் கடைசியாக ஒருமுறை இறுக்கிவிட்டுக் கையைத் துடைக்கும்போதுதான் ஆபீஸர் அதைப் பார்த்தார். கழற்றிய சாமான்களை ஊறப்போடும் மண்ணெண்ணெய்த் தட்டுக்குள், அடியில் ஒரு இரும்பு வளையம் மிச்சம் கிடந்தது.

உள்ளங்கை அகலம், நல்ல கனம். ஒரு ஓரத்தில் உதடு மாதிரி விளிம்பு. உள்பக்கம் ஒரு சின்ன வெட்டு. குறுக்கே கீறல் வேறு.

ஆபீஸர் என்பது தெரு வைத்த பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், வயதாகும் முன்பே வேலையை விட்டுவிட்டு, இரும்பு கடையும் துருப்பிடித்த பழைய லேத் மிஷின் ஒன்றை வாங்கி வந்து கார் ஷெட்டில் நிறுத்தினார். கார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கிரீஸில் கைவைப்பார்.

துருவைச் சுரண்டினார். உடைந்த கியர் பல்லுக்குப் புதுப்பல் கட்டி அரத்தால் ராவினார். முந்தின நாள்தான் மிஷின் ஓடி, இரும்புக் கம்பியிலிருந்து முதல் சுருள் பளபளவென்று விழுந்தது. ஆபீஸருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பேக்கரி முதலாளிக்குப் போன் போட்டார். அவர்தான், லேத் ஓடினால் ஒரு வேலை அனுப்புவதாகவும், அதைச் சுத்தமாகச் செய்து கொடுத்தால் தன் மிஷின் வேலை முழுவதும் ஆபீஸருக்கே என்றும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வேலை வந்தே ஆகவேண்டும். மனைவியின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். மாசக் கடைசிக்குள் இந்த இரும்பு ஒரு வேலையாவது செய்து காட்டாவிட்டால் மாப்பிள்ளை வந்து கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

இந்த நிலையில்தான் வளையம்.

"ஓடுதில்ல? அதைத் தூக்கிப் பரண்ல போடுங்க" என்றாள் மனைவி.

"ஓடுறது வேற, சரியா ஓடுறது வேற. ஒருத்தன் வேலை மெனக்கெட்டு இதைச் செஞ்சிருக்கான்னா காரணம் இல்லாமலா இருக்கும்?"

வேறு யாராக இருந்தாலும் பரணில் போட்டிருப்பார்கள். ஆபீஸரால் முடியவில்லை. வளையத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். உதடு எதைத் தாங்க? வெட்டு எதைப் பிடிக்க? துவைக்கப் போட்ட சட்டைப் பையிலும் அதை வைத்து மறந்து, மனைவியின் கால்விரலில் விழவைத்தார்.

பெரிய கியருக்குப் பின்னால் இருக்குமோ என்று தோன்றியது. கழற்றிப் பார்த்துவிட்டால் நிம்மதி. நட்டை வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினார். வரவில்லை. ஸ்பேனரில் குழாயைச் சொருகி, முழு எடையையும் போட்டுத் தொங்கினார். அந்த ஒரு நட்டு மட்டும் வலப்பக்கம் திருப்பினால் கழலும் ஜாதி என்பது, அது அச்சோடு முறிந்து கையோடு வந்த பிறகுதான் தெரிந்தது.

பின்னால் ஒன்றும் இல்லை. வளையம் அங்கே உட்காரவும் இல்லை. லேத்தும் நின்றுபோயிற்று.

அடுத்த தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த டர்னரைக் கூப்பிட்டார். அவர் முறிந்த அச்சுக்கு வேறு செய்து போட்டுவிட்டு, வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"லீட் ஸ்குரூ முனையில வர்ற வளையம் சார் இது. இது இல்லேன்னா தண்டு முன்னயும் பின்னயும் ஆடும். மரை வெட்டும்போது காலை வாரிடும்."

மிஷினின் முன்பக்கம் நீளவாக்கில் போகும் மரைத் தண்டுதான் லீட் ஸ்குரூ. ஆட்டிப் பார்த்தார் ஆபீஸர். துளி ஆடியது. இத்தனை நாள் கண்ணில் படாத ஆட்டம், இப்போது பூகம்பமாகத் தெரிந்தது. டர்னர்மேல் அவருக்கு ஒரே மரியாதை வந்துவிட்டது.

ஆனால் தண்டு வளையத்துக்குள் நுழையவில்லை. முன்னால் மிஷினை வைத்திருந்தவன் எவனோ தண்டை மாற்றியிருக்கிறான் என்றார் டர்னர். வளையத்தைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் ஓட்டையைப் பெரிதாக்கி வந்தார். இப்போது நுழைந்தது, உதடு கியரில் இடித்தது. உதட்டை ராவி எடுத்தார்கள். சுத்தியலால் தட்டி ஏற்றியதில் பழைய கீறல் வாயைப் பிளந்தது. வெல்டிங் வைத்தார்கள். வளையத்தின் கனத்துக்குத் தண்டு நகர்ந்துவிட்டதால் கியரோடு கியர் சேரவில்லை. கியரைத் தள்ளி வைத்தார்கள். மூடி மூடவில்லை. மூடியை அறுத்தார்கள்.

இதற்குள் அந்த வாரமே ஓடிப்போயிருந்தது. பேக்கரியிலிருந்து ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஆபீஸர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மாசக் கடைசியில் மைத்துனர் வந்தார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். அறுபட்ட மூடியையும், மிஷினை அணைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் பார்த்தார்.

"மாப்ள, இது போன வாரம் ஓடுச்சுன்னு தங்கச்சி சொன்னாளே?"

"அப்ப இந்த வளையம் இல்லாம ஓடுச்சு மச்சான். குருட்டாம்போக்குல ஓடுச்சு."

"நாளைக்குக் காலையில நீங்களே வந்து கடையைத் திறந்துருங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மைத்துனர் கடைச் சாவியை நீட்டினார்.

ஆபீஸர் டர்னர் பக்கம் திரும்பினார். வளையத்தை ஒரேயடியாகத் தண்டோடு சேர்த்து வெல்டிங் வைக்கச் சொன்னார். டர்னர் வைத்தார். ஸ்விட்சைப் போட்டார்கள்.

லேத் ஓடியது. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சக் சுற்றியது, தண்டு அசையாமல் சுழன்றது, இரும்பிலிருந்து சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. மைத்துனரே குனிந்து ஒரு சுருளை எடுத்துப் பார்த்தார். மனைவி கதவோரம் நின்று, வெளியில் காட்டாமல் சிரித்தாள். இவர் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான்.

"பார்த்தீங்களா மச்சான்? ஒரு சாமான்னாலும் அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும்" என்றார் ஆபீஸர்.

அந்த நேரம் பார்த்து பேக்கரி வேன் வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

ஆபீஸர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சரியான சமயத்தில் வந்தீர்கள் என்றார். மைத்துனர் காதில் விழும்படி, எப்பேர்ப்பட்ட வேலையானாலும் இந்த மிஷின் செய்யும், தைரியமாகக் கொடுங்கள் என்றார்.

டிரைவர் மேஜையைப் பார்த்தார். மண்ணெண்ணெய்த் தட்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"நீங்க போன் போட்ட அன்னைக்கே கொடுத்துட்டேனே சார், நீங்க மிஷினுக்கு அடியில படுத்துக்கிட்டு 'வெச்சிட்டுப் போங்க'ன்னீங்க. மாவு பிசையுற மிஷின்லேர்ந்து கழட்டுன கீறல் விழுந்த வளையம், மாவும் பிசுக்குமா இருந்துச்சுன்னு நான்தான் இந்தத் தட்டுல ஊறப் போட்டேன், அதே அளவுல புதுசு ஒண்ணு ரெடியா சார்?"