லாசிம் உட்கார இடம் தேடினது

வேலை பார்த்த காலமெல்லாம் உட்கார்ந்தே சம்பளம் வாங்கின மனுஷன் லாசிம். பாலிங் ஊருக்குப் போகிற பாதையில் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்றுக் கம்பத்துக்கு, அந்த மலாய்க் கிராமத்துக்கு, வந்து சேர்ந்ததும் அவருக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? உட்கார ஒரு இடம் வேண்டும்.

வீடு புதுசு. சுற்றியிருந்த மண்ணைத் தோட்டம் என்று சொல்ல முடியாது. தோட்டமாகிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கங்கோங் கீரையும் வெண்டையும் மிளகாயும் முளைத்திருந்ததென்றால், அது அவர் மனைவி கல்சோமின் கைவேலை. வாங்கி வைத்த பலாக்கன்றுகளும் ரம்புத்தான் பழக்கன்றுகளும் பையிலேயே வாடிக் கிடந்தன. குழி வெட்டிக் கொடுங்க என்று அவள் கேட்டால் லாசிமுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். கோப்பிக்கடைக்குக் கிளம்பும்போது தானே விட்டுவிடும்.

அந்தக் கோப்பிக்கடையில்தான் வாயை விட்டார்.

"என் வீட்டுல என் பேச்சுதான். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. தோட்டத்துல பெரிய பாங்கின் போடறேன். காலை நீட்டி உட்கார்ந்து தாம் ஆடுவோம். பலகாரம் உட்கார்ந்த இடத்துக்கு வரும்."

பாங்கின் பெரிய அதிசயமில்லை. நாலு கால், மேலே பலகை. கம்பத்து ஆண்கள் பாட்டில் மூடிகளைக் காயாக நகர்த்தித் தாம் என்கிற ஆட்டம் ஆடிப் பொழுதைக் கொல்லுகிற மேடை.

கூடப் பஸ் ஓட்டின ஜமான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "உன் பேச்சா? வீட்டுல கேட்டுட்டுத்தான் சொல்றியா?"

அந்தச் சிரிப்பு லாசிமுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாங்கின் இல்லையென்றால் அந்தக் கடைப்பக்கம் தலைகாட்ட முடியாது.

வீட்டுக்கு வந்து தொண்டையைச் செருமினார். "சோம், பாங்கின் போடப்போறேன்."

"போடுங்களேன், அபாங்."

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பெருசா போடுவேன்."

"பெருசாத்தான் போடணும். வர்றவங்க என்ன பள்ளிக்கூடப் பிள்ளைங்களா, நெருக்கியடிச்சு உட்கார? காலை நல்லா தள்ளித் தள்ளி நடுங்க. குழி ஆழமா இருக்கட்டும். ஜமான் உடம்பை மண்ணு தாங்கணுமே."

பெருமையைப் போல இடுப்புவலிக்கு மருந்து கிடையாது. பின்பக்கத்தில், ஒரு பஸ்ஸையே கொண்டுவந்து நிறுத்தலாம் என்கிற அளவுக்கு, நாலு மூலையில் நாலு குழி வெட்டினார். வேர்வை வழிந்து நிமிர்ந்தபோது கல்சோம் பக்கத்தில் நின்றாள்.

"இங்க உட்கார்ந்தா கண்ணு எங்க போகும், அபாங்?"

"வயலுக்கு."

"அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னாடி அடுத்த வீட்டு மினா அத்தையின் கிணறு. சாயங்காலம் அத்தை கைலியை மார்போடு கட்டிக்கொண்டு குளிக்கிற இடம்.

"ஆம்பளைங்க வரிசையா உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்துட்டிருந்தா, வெள்ளிக்கிழமை இமாம் உங்களுக்கு சலாம் சொல்வாரா?"

"நாங்க ஏன் பார்க்கிறோம்? காயைத்தான் பார்ப்போம்."

"பஸ் ஓட்டறப்பவும் ரோட்டைத்தான் பார்த்தேன்னு சொன்னீங்க."

லாசிம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் நாலு குழியிலும் பலாக்கன்று நின்றது.

"என்ன சோம் இது?"

"திறந்த குழி. ஆடு விழுந்து காலை உடைச்சுக்காதா?"

சரி, இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தார். மேற்குப் பக்கம் போனார். அங்கே கிணறு இல்லை, அத்தை இல்லை. ஆனால் முன்பு வெட்டின அளவு மட்டும் கைக்குப் பழகியிருந்தது. அதே அகலம், அதே ஆழம். சாயங்காலம் நடுவில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சூரியன் நேராக வந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது.

"கண்ணு கூசுதா?" என்றாள் கல்சோம்.

"இல்லையே," என்றார் லாசிம், இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு.

"அப்ப ஜமான் காயை நகர்த்துறப்ப சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிச்சுக்குவீங்க."

விடிந்தபோது அந்தக் குழிகளில் ரம்புத்தான் நின்றது. "நிழல் வேணுமில்ல? அஞ்சாறு வருஷத்துல வந்துடும். அப்ப போட்டுக்கலாம்."

சனிக்கிழமையும் வந்துவிட்டது. லாசிமின் கையில் கொப்புளம், பலகையெல்லாம் சுவரில் சாத்தினபடி. தன் பேச்சு மட்டுமே செல்லுபடியாகிற அந்த வீட்டில், அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"சோம், நாளைக்கு வந்துடுவானுங்க. நீயே ஒரு இடம் சொல்லேன்."

"இதை முதல்லயே கேட்டிருக்கலாம். ரோட்டோரம், வேலிக்கு அந்தப் பக்கம் போடுங்க. மாமர நிழல் இருக்கு. சின்னதாப் போதும். ஆனா இடுப்பு உயரத்துக்கு வைங்க. இந்த வயசுல தாழ உட்கார்ந்துட்டு, எழுந்திரிக்க ஆள் தேடுவீங்களா? மேல ஓலையும் போட்டுடுங்க."

நம்ம முட்டிக்காக இவள் இவ்வளவு யோசிக்கிறாளே என்று லாசிமுக்கு மனசு இளகிவிட்டது. பொழுது சாயும்வரை ஆணி அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, புதுக் கைலி கட்டி, மீசையை நீவிக்கொண்டு வெளியே வந்தார். பாங்கினைச் சுற்றி ஒரே பெண்கள் கூட்டம். பலகை தெரியவில்லை. கட்டுக் கட்டாகக் கங்கோங், வெண்டைக்காய்க் குவியல், தட்டில் மிளகாய், ஓரத்தில் மினா அத்தையின் வாத்து முட்டை. ஓலை நிழலில் கீரை வாடாமல் ஜம்மென்று இருந்தது. தாம் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜமானும் கூட்டாளிகளும் ரோட்டில் நின்றார்கள்.

"லாசிம், எங்களை எங்க உட்காரச் சொல்ற?"

"சோம்," என்றார் லாசிம் மெதுவாக, "இது உட்காரப் போட்டது."

"ஆமா. அதுக்குத்தானே முக்காலி போட்டிருக்கேன்." கல்சோம் அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். "ரோட்டோரப் பாங்கின் போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் பொது. அத்தை முட்டையை எடுன்னு நான் எப்படிச் சொல்றது? கீரைக்கு அப்பப்ப தண்ணி தெளிச்சுவிடுங்க. நான் கன்னுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்."

கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜமான் மட்டும் கிட்டே வந்து ஒரு கீரைக்கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"சரி முதலாளி, கங்கோங் என்ன விலை?"

லாசிம் முக்காலியில் உட்கார்ந்தபடியே தோட்டத்துப் பக்கம் திரும்பினார்.

"சோம், என்ன விலை சொல்லட்டும்?"