ஒன்பதாம் அத்தியாயத்து இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்டர் ரெய்ஜியை என் வீட்டைவிட்டு விரட்டுவது என்று தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த உறுதியான தீர்மானங்கள் மொத்தம் இரண்டு. இன்னொன்று சிஹாருவைக் கல்யாணம் செய்துகொண்டது.

ரெய்ஜி குடியிருப்பது அந்தச் சிஹாருவின் செல்போனில். இலவச விளையாட்டு. விளையாட்டு என்றால் ஓடுவதும் சுடுவதும் இல்லை, காதல் கதை. போலீஸ் உடுப்பில் அவன் வந்து பேசுவான். இவள் இரண்டு பதில்களில் ஒன்றைத் தொடுவாள். காதல் ஏறும், அல்லது இறங்கும். தினம் ஐந்து பக்கம்தான் இலவசம். அத்தியாயத்துக்கு அறுபது பக்கம். அன்றைய ஐந்து தீர்ந்தால் பழையதைத் திருப்பிப் படிப்பாள்.

நானும் போலீஸ்தான். ஜப்பானில் நீகாதா பக்கம் மலைக்கிராமம் ஒன்றில் முன்பக்கம் ஸ்டேஷன், பின்பக்கம் வீடு. நான் ரோந்து போனால் வருகிறவர்களுக்கு இவள்தான் பதில் சொல்ல வேண்டும். ரெய்ஜி மொட்டை மாடிகளில் கொலைகாரனைத் துரத்துகிறான். நான் முள்ளங்கித் தோட்டத்தில் குரங்கைத் துரத்துகிறேன். குரங்குதான் ஜெயிக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சாப்பிடும்போது அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும். சூப் ஆறிப்போனாலும் நிமிர மாட்டாள். வலித்தது, பொய் சொல்வானேன்.

அதனால் நானும் அந்த விளையாட்டை என் போனில் ஏற்றினேன். ரோந்து வண்டியை ஓரம் கட்டி வசனங்களை மனப்பாடம் செய்தேன். டிசம்பர் முதல் வாரம், சாப்பாட்டு நேரம், அவள் தலைக்கு மேலே சுவரில் ரெய்ஜி மாதிரியே பட்டென்று கையை ஊன்றினேன். விவசாயச் சங்கத்து காலண்டர் கழன்று சோற்றில் விழுந்தது.

"நீ என் காவல்ல இருக்குற வரைக்கும் ஒரு தூசிகூட உன்மேல படாது!"

நிமிர்ந்தாள்!

"இது ரெண்டாம் அத்தியாயம்ல? நீங்களும் விளையாடுறீங்களா?"

"சும்மா... ஒரு விசாரணைக்காக."

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"ரெண்டு முடியப்போகுது."

"நான் ஒன்பதுல இருக்கேன். ஒன்பதுல அவன் எப்படி மாறிடுறான்னு தெரிஞ்சா, இப்படிச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்க மாட்டீங்க."

"என்ன பண்றான்?"

"வேணாம். சொன்னா கதை கெட்டுடும்."

"அட, சொல்லு!"

பெருமூச்சு விட்டாள். "கதாநாயகியை உக்கார வெச்சுட்டு, சட்டைக் கையை மடிச்சுவிட்டு, தானே பாத்திரம் கழுவுறான். அந்தப் பக்கத்தை நாலு தடவை படிச்சேங்க."

சட்டைக் கையை மடித்தேன். நான் பாத்திரம் கழுவ, அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெய்ஜி ஒழிந்தான் என்று நினைத்தேன்.

பத்தாம் அத்தியாயத்தில் அவன் குளியல் தொட்டியைத் தேய்த்தான். பதினொன்றில் மாமியாரை வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போனான்.

"அவனுக்கு ஏதுடி மாமியார்? கல்யாணமே ஆகலையே!"

"ஆகாதப்பவே கூட்டிட்டுப் போறான் பாருங்க. அதுதான் பெருந்தன்மை."

சரிபார்க்கவும் வழியில்லை. நாளுக்கு ஐந்து பக்கம். சாட்சியம் எழுபது எண்பது நாள் தள்ளி இருந்தது. அதுவரை தேய்த்தேன், கழுவினேன், வெந்நீர் ஊற்றில் மாமியாருக்குத் துண்டு சுமந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது.

பனி உருகத் தொடங்கியபோது ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். அறுபது பக்கமும் படித்தேன். பாத்திரமும் இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டியும் இல்லை. ரெய்ஜி தோளில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடக்கிறான். கதாநாயகி தோலை முயல் காது மாதிரி விட்டு ஆப்பிள் நறுக்கி அவனுக்கு ஊட்டுகிறாள்!

போனை நீட்டியபடி உள்ளே பாய்ந்தேன். "பாத்திரம் எங்கே?"

வாங்கி நிதானமாகப் பார்த்தாள். "ஓ, இப்படியா போகுது கதை? எனக்குத் தெரியாதே."

"தெரியாதா? நீதானே ஒன்பதுல இருந்தே?"

"மூணுலதாங்க இருந்தேன். நீங்க பாத்திரம் கழுவின அன்னிக்கே அதை அழிச்சாச்சு. உங்களைப் பார்த்துக்கிட்டிருக்கிறதே நல்லா இருந்துச்சு. அப்புறம் அவன் எதுக்கு?"

கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மூன்று மாதமாக என்னைத்தான் பார்த்திருக்கிறாள். என்னை மட்டும்!

அவள் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தபடி கேட்டாள்: "அந்த ஆப்பிளை எப்படி நறுக்கினாங்கறீங்க?"

இரண்டாவது ஆப்பிளில்தான் எனக்கு முயல் காது சரியாக வந்தது.