குரங்குக்குச் சம்பந்தம் பார்த்த பிசின் அண்ணாச்சி

வந்த வாடிக்கையாளரை விரட்டியே வியாபாரத்தைப் பெருக்கியவர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். மலையாள தேசத்து ஆரியசாலைக் கடைத்தெருவின் பிசின் அண்ணாச்சி. கருவேலம் பிசின் மொத்த வியாபாரம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் இங்கே பேசினால் அங்கே கேட்கும். குரங்கு வளர்ப்பவர்கள் சிலர் பிசினுக்கு வந்து போனதில், அந்தக் குரங்குகள் மேலேயே மனுஷன் பைத்தியமாகிவிட்டார்.

கழக்கூட்டம் ஏரியாவில் என் பக்கத்து பிளாட் பினு, மலையாளி, ஐ.டி. ஆசாமி, ஒரு மார்மோசெட் வாங்கியிருந்தான். தென் அமெரிக்கக் காட்டுக் குரங்கு. சட்டைப் பையில் அடங்கிவிடும். மரப்பட்டையைப் பல்லால் குடைந்து பிசின் நக்கிப் பிழைக்கிற இனம். பினு வைத்த பெயர் குட்டன். அது சரியாகச் சாப்பிடாமல், தன் வால் முடியைத் தானே பிய்த்துக்கொண்டு கிடந்தது. பிசின் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். நான்தான் பினுவை அண்ணாச்சியிடம் கூட்டிப்போனேன்.

“ஒத்தையா, ஜோடியாவே?” என்றார் அண்ணாச்சி.

“ஒண்ணுதான் அண்ணாச்சி. நான் நல்லா நோக்குவேன், கேட்டோ.”

“நீரு ஆபீஸ் போயிட்டா அது யாருகூடப் பேசும்? ஃபேன்கூடயா? காட்டுல குடும்பமா இருக்க ஜீவன்வே அது. ஒத்தைக்குப் பிசின் கெடையாது. எடத்தக் காலி பண்ணும்!”

அடுத்த வாரம் அவரே வரன் கொண்டுவந்தார். நெடுமங்காட்டில் ஒருவர் வளர்க்க முடியாமல் தவித்த, அதே இனத்துப் பெண் குரங்கு. இஸ்திரி போட்ட வேட்டி, நெற்றியில் சந்தனம் சகிதம் அண்ணாச்சி ஆஜர். கூண்டுகளை எதிரெதிரே வைத்தோம். பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. “வெக்கப்படுதுவே” என்றார். பிறகு அது பல்லைக் காட்டிக் கத்தியது. “குரல் நல்லாருக்கு” என்றார். கொஞ்ச நாளில் இரண்டும் ஒன்றுக்கொன்று பேன் பார்க்க ஆரம்பித்தன. குட்டன் வாலில் முடியும் முளைத்தது.

பிறகு இரட்டைக் குட்டிகள். அந்த இனத்தில் அப்பன்தான் பெரும்பாலும் குட்டிகளை முதுகில் சுமந்து திரிவான். அதைப் பார்த்த நாளிலிருந்து அண்ணாச்சி, கடைக்கு வரும் ஆண்களையெல்லாம் “நீரு பிள்ளையத் தூக்கிருக்கீரா?” என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் ஒருவர் குட்டிகளை விலைக்குக் கேட்டார். பினுவும் தலையாட்டிவிட்டான். நான் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். கடையை இழுத்து மூடிவிட்டு ஆட்டோவில் வந்து, பினு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நாலும் ஒரே கூண்டுல இருக்கணும். இல்லன்னா இனி பிசின் கெடையாது.”

“வேற கடையில வாங்கலாம் அல்லே, அண்ணாச்சி?”

“வாங்கிப் பாரும். இந்த ஊர்ல எல்லாக் கடைக்கும் பிசின் போடுறதே நாந்தான்.”

பினு உள்ளே திரும்பிப் பார்த்தான். குட்டன் முதுகில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. “சரி, விக்கலை. போதுமா?”

“இன்னொண்ணு. டாக்டர்ட்ட காட்டி, இனி குட்டி போடாமப் பாத்துக்கிடும். இதுக பொறக்க வேண்டிய எடம் காடு. பிளாட்டு இல்ல.”

அண்ணாச்சியைக் கைகொடுத்துத் தூக்கி லிப்டுக்குள் அழைத்துப்போனேன். “எல்லாக் கடைக்கும் நீங்கதானா?” என்றேன்.

“எங்கவே! என்னைவிடப் பெரிய பிசின் கடை ஆரியசாலையிலயே நாலு இருக்கு. அவனுக்குத் தெரியாம இருந்தாச் சரி.” தூக்கிவிட்ட என் கையை அவர் இன்னும் விடாமல் பிடித்திருந்தார். “பிரிச்சிருவானோன்னு பயந்துட்டேன்வே.”

லிப்ட் கீழே வந்து கதவு திறந்த பிறகும், அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை.