பால் பொங்கியது மேல்மாடியில்

வெள்ளவத்தை,
14.05.1997

பேரன்புக்கும் மதிப்புக்குமுரிய சிவபாதசுந்தரம் அத்தான் அவர்கட்கு,

கொட்டாஞ்சேனையில் தாங்களும் என் அக்காவும் நலமே என நம்பி எழுதுகிறேன். இங்கு நானும் சரோஜினிதேவியும் சுகம். இருக்கும் இடம்தான் சற்று மாறியிருக்கிறது.

கீழ்வீட்டை வாடகைக்கு விட்டு நாங்கள் மேல்மாடிக்கு ஏறியபோது, வீட்டுக்காரனாயிருக்கச் சட்டம் மட்டும் போதாது என்று தாங்கள் சிரித்தீர்கள். ஆகவேதான் ஒப்பந்தத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதினேன்: வெளியேறுபவர் வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கியே கதவுத் திறப்பை ஒப்படைக்க வேண்டும், புதியவர் அன்றே குடிபுகலாம். இன்று நவரத்தினம் குடும்பம் கனடாவுக்குப் புறப்பட்டது. வழியெல்லாம் செக்பொயின்ற் என்று எயார்போட்டுக்குப் போகும் வான் வண்டி விடியமுன்னரே வந்துவிட, அவசரத்தில் பெட்டி கட்டியதால் வீடெங்கும் கயிறும் பழைய பேப்பரும். நான் ஒப்பந்தத்தை நினைவூட்டித் தும்புத்தடியை நீட்டினேன். நவரத்தினத்தின் மனைவி நேசமலர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன அண்ணை, பயணம் போற வீட்டைக் கூட்டுறதோ? போற காரியம் விளங்குமோ? பிளேன் எழும்புமட்டும் ஒருத்தரும் தும்புத்தடியைத் தொடப்படாது. சத்தியம் பண்ணுங்கோ!"

சத்தியம் செய்தேன். வான் ஒழுங்கை முனையில் திரும்பிச் சிறிது நேரத்தில், புதிதாகக் குடிவரும், புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஹற்றன்காரர் செல்லையாவின் லொறி வந்து நின்றது. அவர் மனைவி மயிலம்மா பால்சட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாங்க ஐயா, இந்தக் குப்பையிலயா பால் காய்ச்சுறது? கூட்டிக் குடுங்க. நல்ல நேரம் வேற போகுதுங்களே!"

ஒருவர் கூட்டக் கூடாது என்கிறார். மற்றவர் கூட்டாமல் காலெடுத்து வைக்கமாட்டேன் என்கிறார். என் ஒப்பந்தமோ இரண்டையும் ஒரே நாளில் முடி என்கிறது. "எங்கட குசினியில காய்ச்சட்டுமேன். மேலயும் கீழயும் ஒரு வீடுதானே" என்றாள் சரோஜினிதேவி. மேல்மாடியில் பால் மிக அழகாகக் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. மகிழ்ந்த மயிலம்மா எங்கள் கட்டிலில் சாவகாசமாக அமர்ந்து, "பால் பொங்குன எடத்துலதாங்க குடியிருக்கணும். மாத்துனா குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்றார். நான் ஒப்பந்தத்தை முதலிலிருந்து புரட்டினேன். "உங்கட சட்டத்தில இதுக்கொரு பிரிவும் இல்லையோ?" என்று கேட்டபடியே தலையணைகளைக் கீழே இறக்கினாள் என் மனைவி.

எனினும் ஒரு குடும்பம் போயிற்று, ஒரு குடும்பம் வந்தது, வீடு ஒரு பொழுதும் வெறுமையாகக் கிடக்கவில்லை. மேலிருந்தவர் கீழே என்று பொலிசில் கொடுத்த குடியிருப்போர் பதிவைத் திருத்திவிட்டால், சோதனைக்கு வருபவர்களுக்கும் குழப்பமில்லை. தாங்களும் வாசலறையை வாடகைக்கு விடுவதாயின் என் முறையையே தயங்காது கைக்கொள்ளலாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளை முருகன் காப்பானாக.

இங்ஙனம்,
தங்கள் மைத்துனன்
நாகேந்திரம்

பி.கு.: உறையை ஒட்டும்போது அதே வான் திரும்பி வந்துவிட்டது. ஏஜென்சிக்காரன் விசாவுடன் எயார்போட்டுக்கு வரவேயில்லையாம். நேசமலர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைத்தான் பார்த்தார். "ஆர் கூட்டினது?" சாப்பிட இருக்க இடமில்லையே என்று ஒரேயொரு மூலையை மட்டும் கூட்டியிருந்தேன். அவர்கள் தம் பெட்டிகளைக் கீழ்வீட்டில் மறுபடி இறக்கிவிட்டார்கள். இதனைப் படிக்கட்டில் இருந்து எழுதுகிறேன். சரோஜினிதேவி தலையணைகளோடு எனக்கு மேல் படியில் இருக்கிறாள். அத்தான், அந்த வாசலறையை எங்களுக்கே தருவீர்களா? ஒப்பந்தம் வேண்டாம். தயவுசெய்து கூட்டியும் வைக்க வேண்டாம்.