மத்தாப்புக்கு மாத்திரை ஊட்டிய மாப்பெரும் போர்

வாழ்க, வாழ்க! பட்டாசுக்கு வேட்டுக்குழல் உருட்டும் விரலினள், பகை நடுங்கும் குரலினள், எம்.புதுப்பட்டி என்னும் ஊர்ப்புழுதி பெற்ற பெருந்திருமகள் சோலையம்மாளே, உன் போர்த்திறம் பாட வருகிறோம். கலைமகள் கூடவந்தால் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை!

ஊர்க்கோடியில் பாழடைந்த தீப்பெட்டிக் கொட்டகையை நாய்க்காப்பகமாக்கி முத்துப்பாண்டி காத்துவரும் நாய்ச்சேனையுள், உண்ணிக்காய்ச்சலால் உடல் உருகி, எலும்பே கவசமாய், ஈக்களே வெண்சாமரமாய்க் கிடந்தாள் மத்தாப்பு என்னும் பெட்டைநாய். "இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள இந்த மாத்திரை உள்ள போகலைன்னா பொழைக்காது" என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஆணையிட்டுப் போக, வாட்ஸ்அப் போர்முரசு அதிர, ஊரே திரண்டது. பொய் சொல்வானேன், பாதிப் பேர் இரக்கத்துக்கு வந்தார்கள், பாதிப் பேர் போட்டோவுக்கு வந்தார்கள்.

முதலில் களம் புகுந்தார் பட்டாசு முதலாளி சபரிநாதன், தம் முகம் பெரிதாகவும் நாய்முகம் சிறிதாகவும் அடித்த பிளக்ஸே வெற்றிக்கொடியாக, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவே படைக்கலமாக. மாத்திரையைக் கோவாவுக்குள் புதைத்து நீட்டினார். வாள் சுழன்றாற்போல் நா சுழற்றிய மத்தாப்பு, கோவாவை விழுங்கி, மாத்திரையை மட்டும் சிப்பி முத்துமிழ்வதுபோல் முதலாளியின் செருப்பின்மேல் துப்பினாள். அடுத்து வந்த முத்துப்பாண்டியின் ஆட்டீரலுக்கும் அதே கதி.

"தள்ளுங்க மொதலாளி! அம்புட்டுப் பேரும் நின்னு என்னத்தக் கிழிச்சீக?" என்று கர்ச்சித்தாள் அவர் பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வந்த சோலையம்மாள். தூக்குவாளியில் மிஞ்சிய தோசையை விரித்து, கருவாடு வைத்து, அதனுள் மாத்திரையைச் செருகி, கைப்பழக்கம் விடுமா, வேட்டுக்குழல் உருட்டும் அதே இறுக்கத்தில் உருட்டி, இருமுனையும் மடித்து அடைத்து, ஒரு முனையில் கருவாட்டுவால் திரியென நீட்டிநிற்க, நாயின் முன்னே வைத்தாள்.

கண்டாள் மத்தாப்பு! தீபாவளிதோறும் வாலில் சரவெடி கட்டப்பட்டவள் அந்த வடிவத்தை மறப்பாளா? கட்டியதும் இதே ஊர்தானே! இனி எழவே மாட்டாள் என்று ஊர் அழுத அந்நோயாளி, இடிகேட்ட நாகமென ஊளையிட்டு, தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னே பாய்ந்து மறைந்தாள்.

"ஏ யக்கா, தோசையச் சுருட்டச் சொன்னா லட்சுமி வெடியையா சுருட்டுவீக?" என்றான் முத்துப்பாண்டி. கூட்டம் சிரித்தது. சோலையம்மாள் சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"ஏலே, அந்தப் பிளக்ஸ மடிங்கலே, படபடங்குது. ஒருத்தரும் மூச்சு விடப்படாது!" என்று முழங்கி, உருட்டியதைப் பிரித்தே பழகாத அந்த உத்தமக் கரங்களால் தோசையைப் பிரித்துப் பிய்த்து, தொட்டிக்கு முதுகு காட்டித் தரையில் அமர்ந்தாள். ஒரு துண்டைத் தான் தின்றாள்; ஒரு துண்டைத் திரும்பிப் பாராமல் பின்னே எறிந்தாள். கருவாட்டு மணம் தூது சென்றது. தொட்டியின் பின்னிருந்து முதலில் மூக்கு வந்தது, பிறகு பயம் வந்தது, பிறகு நாய் வந்தது. ஒன்றை விழுங்குமுன் அடுத்தது விழ, அதை விழுங்குமுன் அதற்கடுத்தது விழ, தன் பங்கையும் அவள் தின்றுவிடுவாளோ என்ற பதற்றத்தில், மாத்திரை பொதிந்த துண்டையும் மெல்லாமல் விழுங்கினாள் மத்தாப்பு!

வென்றனள் சோலையம்மாள்! விண்ணவர் பூமழை பொழிந்தனர், மண்ணவர் செல்பி எடுத்தனர், பிளக்ஸ் மீண்டும் விரிந்தது, "நம்ம கம்பெனி சார்பா ஒரு உசுரக் காப்பாத்தியாச்சு!" என்று சபரிநாதன் பறைசாற்ற, கரவொலி திசையெட்டும் அதிர, வண்டிகள் புழுதி கிளப்பி ஊர் மீண்டன.

ராத்திரிக்கும் ஒரு மாத்திரை இருந்ததால் சோலையம்மாள் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை.