எட்டாவது கோட்டை விழுந்தது

அன்பும், இருந்தால் கொஞ்சம் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, உன் தம்பி மனைவி, நான் ஆகிய நால்வரும் நலம். அங்கு நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். காலை ஆறு மணிக்கே குடும்பக் குழுவில் 'அந்தக் காலம் போல வருமா' என்று படம் போடத் தெம்பு இருக்கிறதே, உடம்புக்கு என்ன குறை? நலம் விசாரித்தாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஞாயிறு பிற்பகல் நாலு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு எட்டாவது கோட்டை விழுந்தது. அதே முயல். அதே குடை. அதே மஞ்சள் கேசட். நண்டு ராஜாவின் கிரீடம் உருண்டு குளத்தில் விழுந்ததைப் படமெடுத்து, அச்சுப் போட்டு, இத்துடன் இணைத்திருக்கிறேன். குழுவில் போட்டிருந்தால் நீ ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பாய். தாளை அப்படித் தள்ளிவிட முடியாது. உட்கார்ந்து படி.

முதலில் பழைய வழக்கு. எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினாலு. டிவியில் கேசட் போட்டு ஆடும் அந்த முயல் விளையாட்டில் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரும் வசதி கிடையாது. தோற்றால் முதல் கோட்டையிலிருந்து வர வேண்டும். மூன்று மணி நேரம் குதித்துக் குதித்து, விரலில் கொப்புளத்தோடு, நான் நண்டு ராஜா முன்னால் நிற்கிறேன். நம் பழைய வீட்டில் தாங்குகிற பிளக் ஒன்றே ஒன்று; டிவி ஓடினால் தண்ணீர் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடினால் டிவி ஓடாது. ஆறு மணிக்கு மோட்டார் போட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். நீ வந்து பிளக்கைப் பிடுங்கினாய். அப்போது மணி ஐந்து ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடம், அக்கா. நான் தரையில் புரண்டு அழுதபோது நீ சொன்னதை இன்றும் அட்சரம் பிசகாமல் சொல்வேன்: "விடுடா, நீ எப்படியும் முடிச்சிருக்க மாட்டே."

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இருபது வருஷம் கழித்து, என் மனைவி இந்த வீட்டுக்குள் வந்த முதல் நாளே அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "இவன் எதையும் முடிக்க மாட்டாம்மா. ஆரம்பிப்பான், பாதியில விட்டுருவான். பாத்துக்கோ" என்றாய் பார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவள் பல் டாக்டர். பல்லைப் பாதி பிடுங்கிவிட்டு 'மீதி அடுத்த வாரம்' என்று சொல்கிற தொழில் இல்லை அது. அன்றிலிருந்து அவள் வீட்டைச் சுற்றி நடந்து நடந்து பார்த்து ஒரு பட்டியல் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிட்டாள். பாதி நீலம், பாதி வெள்ளையாக நிற்கும் படுக்கையறைச் சுவர். கதவில்லாத செருப்பு அலமாரி. அழுத்தினால் மணி அடிக்காமல் குளியலறை விளக்கை அணைக்கும் அழைப்பு மணி. இப்படி ஏழு. "என்னங்க, ஒண்ணே ஒண்ணை முழுசா முடிச்சுக் காட்டுங்க. பட்டியலையே கிழிச்சுப் போட்டுடறேன்" என்றாள். அவள் சுவரை நினைத்துச் சொன்னாள். எனக்கு நண்டு ஞாபகம் வந்தது.

பரணில் ஏறினேன். விளையாட்டுப் பெட்டி இருந்தது, ஒயர் இல்லை, எலி தின்றிருந்தது. புது ஒயர் போட்டேன். அடாப்டரில் எழுதியிருந்ததை நம்பாமல் என் கணக்கை நம்பினேன். பெட்டியிலிருந்து புகை வந்தது. கணக்கில் தப்பில்லை, பிளஸ்ஸும் மைனஸும்தான் இடம் மாறிவிட்டன. கருகிய பாகத்தை மாற்றினேன். ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டன் மட்டும் என்ன செய்தும் உயிர் பெறவில்லை. அடுத்து, நம் புது டிவியில் பட்டனை அழுத்தி ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் முயல் குதிக்கிறது. அதற்குள் அது பள்ளத்தில் கிடக்கிறது. ஆகவே பழைய பெட்டி டிவி தேவைப்பட்டது. தெருமுனையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, நாம் 'பிக்சர் டியூப்' என்று பட்டப்பெயர் வைத்தோமே, அவர் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். "தம்பி, இதைத் திருப்பிக் கொண்டாந்தா வாங்க மாட்டேன்" என்ற ஒரே நிபந்தனை. நானும் அப்பாவும் மூன்று மாடி தூக்கினோம். இரண்டாவது மாடியில் அப்பா நின்று, "நாம வாங்குனப்ப இவ்வளவு கனம் இல்லியேடா" என்றார். "அப்ப உங்களுக்கு வயசு நாப்பது" என்றேன். அதற்குப் பிறகு அவர் கனத்தைக் கொஞ்சம் என் பக்கமே சாய்த்துப் பிடித்தார்.

கேசட்டைச் சொருகினேன். திரை முழுக்கச் சாம்பல் கட்டம். வாயால் ஊதுவது அறிவியலுக்கு விரோதம். எச்சில் ஈரம் பட்டால் கேசட்டின் செம்புப் பட்டைகளில் களிம்பு ஏறும். எனவே ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து முறைப்படி துடைத்தேன். ஆறு தடவை. கட்டம் கட்டமாகவே இருந்தது. அப்பா, "குடுடா இங்க" என்று வாங்கி, 'ஃபூ' என்று ஒரு ஊது ஊதிச் சொருகினார். முயல் வந்து குடையை விரித்தது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இந்தப் பத்தியை நீ அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்போது நீ எதிர்பார்க்கிற கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலம் பொற்காலமா? இல்லை. போன் பேசினால் நெட் போகும், நெட் போட்டால் போன் போகும். ஒரு பாட்டு இறங்க ஒரு ராத்திரி ஆகும், இறங்கியபின் பார்த்தால் வேறு பாட்டு. நீ போடுகிற படங்களில் இதெல்லாம் வருவதில்லை. ஆனால் அந்த டிவி சூடேறி உள்ளே தூசி காய்கிற வாசனை வந்ததும், திரைக்கு அருகே போன கையில் ரோமம் சிலிர்த்துக்கொண்டதும், நான் என்னையறியாமல் பின்னால் திரும்பி நீ வருகிறாயா என்று பார்த்தேன். இதை உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதே. அது நிலைமின்சாரம்.

ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்தேன். அம்மா செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பாத்து, பாத்து" என்றார். மனைவி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழு கோட்டையும் போயிற்று. எட்டாவதில் நண்டு விழ இன்னும் மூன்று அடி கொடுக்க வேண்டும், என்னிடம் ஒரே உயிர். அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன். நான் மெஷின் பழுது பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் மெஷின் நின்றுவிட்டதாம், டாக்டர் கத்துகிறாராம். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க சார்" என்றேன். மெஷின் ஓடிற்று. நண்டு விழுந்தது. வாணவேடிக்கை வந்தது, முயல் குடையைச் சுழற்றி ஆடியது, அப்பா எழுந்து நின்று கைதட்டினார். இருபது வருஷப் பொய் வழக்கு, அக்கா, ஒரே பிற்பகலில் தள்ளுபடி. 'நீ எப்படியும் முடிச்சிருக்க மாட்டே' என்ற தீர்ப்பை அதே குடும்பக் குழுவில், எல்லாரும் பார்க்க, எழுத்துப்பிழை இல்லாமல் நீ வாபஸ் வாங்க வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. தாய்மாமன் எப்படிப்பட்டவன் என்று இனி அவர்களிடம் மறைக்காதே.

வெற்றியுடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "என்னங்க, நண்டு விழுந்துச்சுன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. நீங்க போன்ல இருந்தீங்களே, அது எப்படி விழுந்துச்சு?" என்றாள். சரி, நேர்மையாகவே எழுதிவிடுகிறேன். பாஸ் பட்டன் வேலை செய்யாததால் கன்ட்ரோலரை அவள் மடியில் வைத்து, "எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் வராந்தாவுக்குப் போனேன். தொட்டாள். மூன்று அடி, மூன்றும் கண்ணில். வாழ்க்கையில் முதல் தடவையாக விளையாடுகிறாளாம். "கடவாய்ப் பல்லை விடச் சுலபம்" என்றாள். பட்டியல் கிழியவில்லை. அதில் எட்டாவதாக 'நண்டு' என்று சேர்ந்திருக்கிறது. இதை உனக்குத் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தபால் உன்னிடம் வர நாலு நாள் ஆகும். அம்மா குழுவில் போட்ட வீடியோ நாலு விநாடியில் வந்துவிட்டது. நீ பதிலுக்கு அனுப்பிய பதினெட்டு சிரிப்புப் பொம்மைகளும் கிடைத்தன. இருந்தாலும் உறையை ஒட்டி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டுவிடுகிறேன். இதையாவது முடித்தேன் என்று இருக்கட்டும்.