அர்காடி அண்ணைக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து

ஆஹென், ஜெர்மனி

பெருமதிப்புக்குரிய ராசன் அத்தானுக்கு,

உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் கனடாக் குளிரில் அடங்கியிருக்கும் என்று நம்பி, மைத்துனன் ஸ்ரீஸ்கந்தராஜா வணக்கத்துடன் எழுதுகிறேன். எங்கள் சுகத்தை விசாரிக்காதீர்கள், அது போய்விட்டது. நான் ஒரு மனிசனைக் கொல்லக் குடுத்துவிட்டேன், அத்தான்.

எங்கள் மேல்மாடியில் அர்காடி அண்ணை என்றொரு ரஷ்யர் இருக்கிறார். அழைப்புமணியில் வேறு பெயர். இளவயதில் பாட்டுக் கசெற் பதிந்து விற்கத் தொடங்கி, பிறகு பத்திரிகை, பிறகு வானொலி, கடைசியில் மொஸ்கோவில் மூன்று தொலைக்காட்சிகளுக்கு முதலாளியானவர். அவருடைய செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் மந்திரிமார் கோப்பி குடிப்பார்களாம். ஒருநாள் மேலிடத்தைக் கேலிபண்ணி ஒரு நிகழ்ச்சி போட்டார். அடுத்த கிழமை முகமூடிக்காரர்கள் நிலையத்தைச் சுற்றிவளைத்து, இவரைச் சிறையில் போட்டு, எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியில் விட்டார்கள். அன்று ஓடத் தொடங்கியவர் எங்கள் தலைக்கு மேலே வந்து ஒளிந்திருக்கிறார். "என்ர விலாசம் மட்டும் வெளியில போகக்கூடாது, ஸ்ரீ" என்று டொச் பாஷையில் கையைப் பிடித்துச் சொன்னவர். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

போன கிழமை அவருக்கு எழுபது வயது. பெற்ற பிள்ளைகள்கூட ஒரு போன் எடுக்கவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. எழுபது வயது மனிசனுக்கு ஒரு வாழ்த்து வேண்டாமோ? எங்கள் தமிழ்த் தொலைக்காட்சியில், எங்கட ஆக்களுக்குப் போடுவதுபோலவே படத்தோடு போடச் சொன்னேன். வாசிக்கிற பிள்ளை சுபானியும் குரலில் தேனூற்றி வாசித்தாள்: "மொஸ்கோவைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி ஆஹெனை வதிவிடமாகவும் கொண்ட..." தெரு, வீட்டிலக்கம், மூன்றாம் மாடி இடப்பக்கம், எல்லாம். பூங்கொத்து கொண்டுவருகிறவர்கள் அலையக்கூடாதென்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஐரோப்பா, கனடா, அவுஸ்திரேலியா முழுக்கப் போனது. என்ர மனிசி பவளம்தான் முதலில், "ஐயோ, என்னப்பா செய்துபோட்டியள்!" என்று கத்தினாள்.

அண்ணை பெட்டியோடு கீழே இறங்கி வந்தவர், இப்போது எங்கள் வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் படுக்கிறார். திரைச்சீலை திறக்க ஏலாது. மணி அடித்தால் மூன்று பேரும் குசினிக்குள் போய் அடுப்படியில் குந்துகிறோம். நேற்று அடித்தது பக்கத்துத் தெரு லூர்தம்மா அக்கா, வாழ்த்துச் சொல்லக் கேக்கோடு. பொலிசுக்குப் போனால், முன்கூட்டி நேரம் பதிந்து டெர்மின் எடுத்துக்கொண்டு வரட்டாம். கொலைகாரன் டெர்மின் எடுத்துக்கொண்டா வருவான்? இதற்கிடையில் அண்ணை, எங்கள் தமிழ்ச் செய்தி இழுபடுகிறதாம், விளம்பரம் கூடிப்போச்சாம் என்று பவளம் பார்க்கிற நாடகத்தை நிறுத்தி நிறுத்தி எங்களுக்கு வகுப்பெடுக்கிறார். எனக்கு நித்திரையில்லை, சோறு இறங்கவில்லை. என்னால ஒரு உயிர் போகப்போகுது, அத்தான். உங்கட வீட்டு நிலவறையில கொஞ்சக் காலம் அவரை வைத்திருங்கோ. கும்பிட்டுக் கேட்கிறன்.

அக்காவுக்கு வணக்கம், மருமக்களுக்கு முத்தம். உங்கள் வாசலை எந்த ரஷ்யனும் மிதிக்காமல் நல்லூரான் காக்கட்டும்.

உடைந்த மனத்துடன்,
ஸ்ரீஸ்கந்தராஜா

பி.கு.: நிலவறை வேண்டாம், அத்தான். பயம் தாங்காமல் இன்று காலை அண்ணையே மொஸ்கோவுக்குப் போன் போட்டு, தன் பழைய நிலையத்தில் இப்போது பெரியவராய் இருக்கிறவரிடம், "என்னைக் கொல்ல எப்ப ஆள் அனுப்புறியள்?" என்று கேட்டுவிட்டார். அந்த ஆள் கொஞ்சம் யோசித்து, "நீங்கள் எந்த அர்காடி?" என்றாராம். ஒருவரும் அவரைத் தேடவில்லை. ஒருவருக்கும் அவரை ஞாபகமில்லை. அப்போதிருந்து சன்னலடியில், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் காணக்கூடியதாக நிற்கிறார். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. பார்க்க ஏலாமல் இருக்கு. ஆனபடியால் எங்கட நம்பருக்கு ஒருக்கா எடுத்து, அவரைக் கொஞ்சம் வெருட்டிவிடுங்கோ. ரஷ்ய பாஷை தெரியாட்டிப் பரவாயில்லை. பேரைச் சொல்லிப்போட்டு, பேசாமல் மூச்சு விட்டால் போதும்.